மானுக்கு ஒரு குண்டு! மனிதனுக்கு ஒரு குண்டு!

ஆவடி, அம்பத்தூர் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் துப்பாக்கி புதிது அல்ல. அங்கே பட்டாள முகாம் இருக்கிறது. மத்திய ரிசர்வ் போலீஸ் படை இருக்கிறது. டாங்கி செய்யும் பெரிய தொழிற்சாலை இருக்கிறது. துப்பாக்கி ஏந்திய சிப்பாயைப் பார்த்து அங்கே யாரும் திரும்பி நிற்பது இல்லை.

அந்தச் சிப்பாய்களில் ஒருவர், தம் துப்பாக்கியுடன் அமெரிக்காவுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கொலராடோ மாநிலத்து மலைக்காட்டில் "எல்க்" மான் வேட்டை நடக்கிறது. அதில் அவர் கலந்துகொள்ளலாமா?

கூடாது! அவருடைய குண்டைப் பார்த்ததுமே தடுத்துவிடுவார்கள்.

ஏன்? மனிதனைக் கொல்லும் குண்டு மானைக் கொல்லாதா?

கொல்லும். ஆனால் எப்படிக் கொல்லும் என்பதுதான் கேள்வி.

மூன்று மான், ஒரு பெயர்

முதலில் எல்க் எது என்று பார்ப்போம்.

ஊட்டிக்குப் போனவர்கள் "எல்க் ஹில்" முருகன் கோயிலைப் பார்த்திருப்பார்கள். எல்க் ஹில் என்றால் எல்க் மலை. ஆனால் அமெரிக்க எல்க் மான் ஊட்டியில் ஒருபோதும் இருந்தது இல்லை! நம் கடமானைத்தான் வெள்ளைக்காரர்கள் எல்க் என்று அழைத்தார்கள். மிளா என்றும் அதைச் சொல்வது உண்டு.

இலங்கையிலும் இதே கதைதான். நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர், கடமானை நாய் விட்டுத் துரத்தி, கத்தியால் குத்தி வேட்டையாடியவர். அவர் 1853-ல் எழுதிய வேட்டைப் புத்தகத்தில் கடமானுக்கு எல்க் என்றே பெயர். ஐரோப்பாவிலோ, எல்க் என்றால் அது வேறொரு பெரிய மான். அமெரிக்கர்கள் எல்க் என்பது மூன்றாவது வகை.

அமெரிக்க எல்க் ஆண் மான் 300 கிலோ எடை வளரும். நம் கடமானும் சின்னது அல்ல. நன்கு வளர்ந்த ஆண் 200 கிலோவைத் தாண்டும். தடித்த தோல், உறுதியான தோள் எலும்பு, அதற்கு உள்ளே இதயமும் நுரையீரலும். குண்டு அங்கே போய்ச் சேரவேண்டும்.

காளான் போல் விரியும்!

சிப்பாயின் குண்டு உள்ளே காரீயம். (பாத்திரத்துக்குப் பூசும் ஈயம் அல்ல, இது வேறு.) அதன் மேலே நுனி வரை உலோக உறை மூடியிருக்கும். மென்மையான உடம்பில் பட்டால் பல சமயம் அது விரியாது. ஊசி போல் நுழைந்து, ஊசி போல் வெளியே போய்விடும்.

மான் உடனே விழாது. ஓடும். ஒரு மைல் ஓடலாம். பல மைலும் ஓடலாம். வேட்டைக்காரன் தேடித் தேடிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். மான் எங்கோ ஒரு புதரில் படுத்து, இரண்டு நாள் துடித்துச் சாகும்.

வேட்டைக் குண்டு அப்படி அல்ல. அதன் நுனியில் உறை இல்லை. காரீயம் வெளியே தெரியும். உடம்பில் பட்டதும் நுனி நசுங்கி, காளான் குடைபோல் விரியும். பென்சில் பருமனில் நுழைந்த குண்டு, சுண்டைக்காய் பருமன் ஆகிவிடும். காயம் பெரிது, சாவு சீக்கிரம்.

அதனால்தான் கொலராடோவில் சட்டமே இருக்கிறது. எல்க் வேட்டைக்கு ரைபிள் எடுத்தால் விரியும் குண்டுதான் போடவேண்டும். குறுக்களவு சுமார் 6 மில்லி மீட்டருக்குக் குறையக்கூடாது. எடை 85 கிரெயின், அதாவது ஐந்தரை கிராமுக்குக் குறையக்கூடாது. சிப்பாயின் 5.56 மில்லி மீட்டர் குண்டு சுமார் 4 கிராம்தான். மூன்றிலும் அது தோற்றுவிடும்!

அனுபவப்பட்ட வேட்டைக்காரர்கள் இன்னும் கனமான குண்டையே விரும்புகிறார்கள். பலருக்குப் பிடித்தது 180 கிரெயின். தங்கமாக இருந்தால் ஏறக்குறைய ஒன்றரைப் பவுன்!

டம்டம் செய்த வேலை

அப்படியானால் சிப்பாய்க்கும் விரியும் குண்டு கொடுக்கலாமே என்று தோன்றும். கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் நம் நாட்டிலேயே!

1895-ல் வடமேற்கு எல்லையில் சித்ரால் சண்டை நடந்தது. புதிய ரைபிளின் மெல்லிய குண்டு பட்டும் எதிரிகள் விழாமல் ஓடி வருகிறார்கள் என்று வெள்ளைக்காரச் சிப்பாய்கள் புகார் சொன்னார்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் என்ற ஊரில் தோட்டாத் தொழிற்சாலை இருந்தது. அங்கே இருந்த காப்டன் பெர்ட்டி கிளே என்பவர், உறையின் நுனியைத் திறந்துவிட்டுக் குண்டு செய்தார். அதுதான் "டம்டம்" குண்டு. ஊரின் பெயர் உலகம் எல்லாம் கெட்ட பெயர் ஆயிற்று.

அந்தக் குண்டு உண்டாக்கிய காயம் பயங்கரமானது. ஜெர்மனி எதிர்ப்புத் தெரிவித்தது. 1899-ல் ஹேக் நகரில் உலக நாடுகள் கூடி, மனித உடம்பில் விரியும் குண்டைப் போரில் பயன்படுத்தக்கூடாது என்று அறிவித்தன. இங்கிலாந்து உடனே ஒப்புக்கொள்ளவில்லை. 1907-ல்தான் சம்மதித்தது.

காரணம் இதுதான். போரில் எதிரியைச் சாகடிக்கவேண்டும் என்பது இல்லை. அவன் சண்டையை விட்டு விலகினால் போதும். காயம் பட்டவனைத் தூக்கிப்போக ஆள் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு. அவன் பிழைத்து, பெண்டாட்டி பிள்ளைகளிடம் போய்ச் சேரலாம். காயம் பட்ட மானுக்கு ஆஸ்பத்திரி ஏது?

விரிந்தால் மட்டும் போதாது

வேட்டைக் குண்டிலும் சிக்கல் உண்டு. மிகவும் மென்மையான குண்டாக இருந்தால் தோள் எலும்பிலேயே சிதறிவிடும். உள்ளே போகாது.

ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்கர் 1946-ல் கனடாவுக்கு வேட்டைக்குப் போனார். "மூஸ்" என்ற பெரிய மானைச் சுட்டார். அதன் உடம்பெல்லாம் காய்ந்த சேறு. குண்டு மேலோடு நசுங்கிப்போயிற்று, மான் விழவில்லை. ஊருக்குத் திரும்பியவர் உட்கார்ந்து யோசித்து, இரண்டு அறை உள்ள குண்டு ஒன்றைச் செய்தார். நடுவில் ஒரு செம்புச் சுவர். முன் அறை விரியும். பின் அறை விரியாமல் உள்ளே தள்ளிக்கொண்டு போகும். 1948-ல் அதை விற்கத் தொடங்கினார். எல்க் வேட்டைக்காரர்கள் இன்றும் அதை வாங்குகிறார்கள்.

பிறகு வேறொரு வம்பு வந்தது. காரீயக் குண்டு உடம்புக்குள் பொடிப்பொடியாகச் சிதறும். வேட்டைக்காரன் விட்டுப்போன குடலைத் தின்ற பறவைகளுக்கு அது விஷம். கலிபோர்னியாவில் காண்டார் என்ற பெரிய பிணந்தின்னிக் கழுகு, 1982-ல் 22 மட்டுமே மிஞ்சியது. அதற்குக் காரீயமும் ஒரு காரணம். அந்த மாநிலத்தில் 2019 ஜூலை முதல் வேட்டைக்குக் காரீயக் குண்டே கூடாது. காரீயம் இல்லாத குண்டுதான்.

நீலகிரியில்...

நீலகிரியில் கடமானைக் கண்டபடி சுட்டுத் தள்ளியதால், 1877-ல் வேட்டைக்காரர்களே சங்கம் அமைத்தார்கள். 1879-ல் சட்டம் வந்தது. குறிப்பிட்ட மாதங்களில் சுடக்கூடாது என்று ஆயிற்று. நாடு முழுவதற்கும் 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-ல் அதைத் திருத்தி, வேட்டை லைசென்ஸ் என்பதையே எடுத்துவிட்டார்கள். ஆகவே கடமானுக்கு எந்தக் குண்டு என்ற கேள்விக்கு இங்கே இடம் இல்லை.

ஆனாலும் திருட்டு வேட்டைக்காரன் இருக்கிறான். அவன் கையில் இருப்பது நாட்டுத் துப்பாக்கி. கிடைத்த ஈயத் துண்டையும் இரும்புத் துண்டையும் கெட்டித்துச் சுடுகிறான். குறி தப்பினால், கால் ஒடிந்த மான் சோலைக்குள் மறைந்துவிடும். பிடிபட்டால் ஜெயில்.

இன்று கடமானை நோக்கி நியாயமாக நீளும் துப்பாக்கி ஒன்று உண்டு. கிணற்றிலோ வேலியிலோ சிக்கிய மிருகத்தை மீட்க, கால்நடை டாக்டர் தூக்கும் மயக்க ஊசித் துப்பாக்கி அது. அவரும் சுடுவதற்கு முன் மானின் எடையைக் கண்ணாலேயே மதிப்பிடுகிறார். தூரத்தைப் பார்த்து விசையைத் திருப்பி வைக்கிறார். தொடைச் சதையைக் குறி பார்க்கிறார். விசை கூடினால் எலும்பு உடையும். மருந்து கூடினால் மான் எழுந்திருக்காது.