கல்லை அறுக்கும் கல்

பரமத்தி வேலூர் பக்கத்துச் சித்தம்பூண்டி என்றாலே இப்போது நிலவைப் பற்றித்தான் பேச்சு. சந்திரயான்-2க்காக இஸ்ரோ செயற்கை நிலா மண் தயாரித்தது நாமக்கல் மாவட்டத்தின் அனார்த்தோசைட் பாறையைப் பொடித்துத்தான். அந்தப் பாறைக்குள் குருந்தக்கல்லும் இருக்கிறது. அதன் அருமை தெரிய, ஓர் அலமாரியைப் பார்க்க வேண்டும்.

1726இல், 19 வயதே ஆன மூன்றாம் போஃபோர்ட் கோமகன், புளோரன்ஸில் மெடிச்சி குடும்பத்தாரின் பட்டறைக்கு ஓர் அலமாரி செய்யச் சொன்னார். பேட்மின்டன் அலமாரி என்று பெயர். கருங்காலி மரம், கிட்டத்தட்ட 3.86 மீட்டர் உயரம். 2004 ஏலத்தில் 1.9 கோடி பவுண்டுக்குப் போனது. அதுவரை எந்த மரச்சாமானும் அந்த விலை கண்டதில்லை. இப்போது வியன்னாவில் இருக்கிறது.

அதிலுள்ள பூவும் பறவையும் வண்ணம் தீட்டியவை அல்ல, கல். சிறகில் ஒரு நிறம் மங்கி இன்னொன்றாகிறது என்றால், அந்த மாற்றம் இயல்பாகவே ஓடும் துண்டைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். எனக்கு அறுப்பதைவிட இந்தத் தேடல்தான் பெரிய வித்தையாகப் படுகிறது. வரைபடத்தைத் துண்டு துண்டாக வெட்டி, மெல்லிய கல் பலகைகளில் ஒட்டி, அதன் ஓரமாகவே அறுப்பார்கள். விளிம்பு பின்பக்கம் சற்றே உள்வாங்கிச் சரிந்திருக்கும். முன்பக்கம் துண்டுகள் முடி நுழையாமல் சேரும். பின்னால் விழும் இடுக்கில் பிசின் நிற்கும். கல்லின் நிறத்தைத் தூக்கிக் காட்டுவது கருங்காலியின் கறுப்பு. இந்த மரம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளர்வது. தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமானது.

அறுக்கும் கருவி வெறும் வில்தான்: வளைத்த மரக்கொம்பு, நாணுக்குப் பதில் இரும்புக் கம்பி. ஆனால் இப்படி அறுக்கும் கற்களில் ஒன்றான அகேட் இரும்பைவிடக் கடினமானது. கம்பி மட்டும் இழுத்தால் கம்பிதான் தேயும். உண்மையில் அறுப்பது, கம்பியோடு விடாமல் ஊற்றப்படும் ஈர எமெரித் தூள். எமெரியின் வலிமை அதிலுள்ள குருந்தத்தின் வலிமை. கடினத்தன்மையைக் குறிக்கும் மோஸ் அளவில் அகேட் ஏறத்தாழ 7, குருந்தம் 9, வைரம் 10. பிறகு மெருகேற்றுவதும் நைசான தூளால்தான். இத்தனை வேலை செய்த தூளில் ஒரு பொட்டுகூட அலமாரியில் மிஞ்சாது.

மாணிக்கமும் நீலமும்கூடக் குருந்தமே. நிறமும் தெளிவும் வாய்த்தால் நகைக்கடைக்குப் போகும். வாய்க்காத கல்லை இடித்து, அரக்கோடு குழைத்துச் சாணைச் சக்கரம் செய்வது இந்தியாவின் பழைய முறை. கத்தி தீட்டவும் மணி பட்டை தீட்டவும் அதுதான் உதவியது.