தாணே வீடுகளில் பாலேட்டு ஸ்கோன்

தாணே நகரில் பொழுது நன்கு புலருமுன்னரே பாவ் ரொட்டி விற்போர் சைக்கிளில் மூட்டையைக் கட்டிக்கொண்டு தெருக்களில் வந்துவிடுகின்றனர். இந்நகரம் 1737 ஆம் ஆண்டில் மராத்தியர் கைப்பற்றும் வரையில் போர்ச்சுகீசியரின் வசம் இருந்தது. பாவ் என்னும் சொல்லும் அவர்கள் மொழியினின்றும் வந்ததேயாகும். ஈஸ்ட் கிடைக்காத இந்த நாட்டில் அவர்கள் தென்னங் கள்ளைச் சேர்த்து மாவைப் புளிக்கவைத்தனர். ஆப்பமாவுக்குக் கள் சேர்க்கும் வழக்கத்தை அறிந்த தமிழருக்கு இது வியப்பளிக்காது. மாவு பல மணி நேரம் பொங்கவேண்டும். பெரிய சூளையும் வேண்டும். ஆதலால் பாவ் ரொட்டியை வீட்டில் சுடுவார் அரியர். கடைக்காரர் அதனை நன்றாகவும் மலிவாகவும் செய்துவிடுகிறார்.

ஸ்கோன் என்னும் பதார்த்தத்தின் தன்மை இதற்கு நேர்மாறானது. மாவு பிசையத் தொடங்கி அரை மணி நேரத்திற்குள் அது தட்டுக்கு வந்துவிடும். சுட்ட சில மணி நேரத்திலேயே அதன் மென்மை குறையத் தொடங்குவதால் கடையில் வாங்கியது பெரும்பாலும் ஏமாற்றமே தரும். எனவே அதற்கு உரிய இடம் வீடுதான். ஆயினும் சூட்டடுப்பு இல்லாத வீட்டில் அது இயலாது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. இவ்வெண்ணம் பிழையானது. ஸ்காட்லாந்தில் பிறந்த இப்பண்டத்தின் பெயர் 1513 ஆம் ஆண்டிலேயே, கவின் டக்ளஸ் என்பவர் ஸ்காட்டிஷ் மொழியில் ஆக்கிய காவிய மொழிபெயர்ப்பு ஒன்றில் காணப்படுகிறது. அந்நாளில் அது ஓட்ஸ் அல்லது பார்லி மாவினால் வட்டமாகத் தட்டி, நெருப்பின்மேல் வைத்த தட்டையான இரும்புக் கல்லில் சுடப்பெற்று, நான்காகப் பிளந்து உண்ணப்பெற்றது. அந்தக் கல்லுக்கும் நம் வீட்டுத் தோசைக்கல்லுக்கும் வேற்றுமை மிகக் குறைவு. சூட்டடுப்பு பின்னர் வந்த வசதியேயாகும்.

இதனைச் செய்து பார்த்தவர்களிடம் கேட்கப்படும் குறை ஒன்றுண்டு. எழும்பவில்லை, கல் போல் ஆகிவிட்டது, அல்லது சவுக்காரம் போல் கைத்தது என்பதே அது. இப்பண்டத்திற்கு வேண்டிய பாலேடு எளிதில் சேர்வதன்று. 50 கிராம் கொழுப்பு என்பது ஒரு லிட்டர் முழுக்கொழுப்புப் பாலில் உள்ள கொழுப்பு ஏறத்தாழ முழுவதுமாகும். காய்ச்சிய பாலில் அதன் ஒரு பகுதியே ஆடையாகத் திரள்வதால், ஒரு கிண்ணம் சேர்வதற்குப் பல நாட்பால் வேண்டும். அவ்வாறு சேர்த்ததை ஒரே மாலையில் வீணாக்கியவர் மறுமுறை முயல்வதில்லை. தம் கைக்கு ராசியில்லை என்று சொல்லி விட்டுவிடுகின்றனர். தவறு கையின் ராசியில் இல்லை. அது பெரும்பாலும் டப்பாவிலோ, பிசைந்த முறையிலோ, அனலிலோ இருக்கிறது.

முதலில் டப்பாவைக் கவனிப்போம். இட்லி மாவைப் பொங்கச் செய்வன நுண்ணுயிர்கள். ஸ்கோனை எழுப்புவது ரசாயனச் செயலினால் உண்டாகும் கரியமில வாயு. ஆப்ப சோடா என்று நாம் வழங்கும் சோடியம் பைகார்பனேட், அமிலத்தோடு நீரில் கலக்கும்போது இவ்வாயுவை வெளிவிடுகிறது. ஒரு தேக்கரண்டி சோடா, அதாவது சுமார் 5 கிராம், அமிலத்தோடு முழுவதும் வினைபுரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் வாயு தோன்றும். அமிலம் போதாவிடில் சூட்டினால் மட்டுமே சோடா சிதைவுறும். அப்போது கிடைக்கும் வாயு பாதியே. எஞ்சி நிற்பதோ சலவைச் சோடா. சவுக்காரச் சுவைக்கும், வெட்டிப் பார்த்தால் உட்புறம் தோன்றும் மஞ்சள் நிறத்திற்கும் காரணம் இதுவே. நன்றாக எழும்பட்டும் என்று சோடாவை அள்ளிப் போடுபவர் அடையும் பயன் இவ்வளவுதான்.

சோடாவையும் அதற்கு அளவான அமிலத்தையும் உலர்ந்த நிலையில் கலந்து, இடையே ஈரம் புகாதபடி மாச்சத்தையும் சேர்த்து வைத்திருப்பதே பேக்கிங் பவுடர் என்னும் தூள். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து ரசாயன வல்லுநர் ஆல்பிரெட் பேர்ட் 1843 ஆம் ஆண்டில் இத்தகைய தூளை ஆக்கினார். அவருடைய மனைவிக்கு ஈஸ்ட் சேர்ந்த ரொட்டி ஒவ்வாததே அதற்குக் காரணமாயிற்று. மனைவியின் உடல்நலத்தின்பொருட்டு ஒருவர் செய்த சிறு முயற்சி உலகெங்கும் சமையலறைகளில் நிலைபெற்றுவிட்டது! நம் நாட்டு உணவுத் தர விதிகளின்படி இத்தூள் தன் எடையில் குறைந்தது 10 சதவிகிதம் கரியமில வாயுவைத் தரவேண்டும்.

வாங்கும்போது இத்தகுதி இருப்பினும், தாணேயின் மழைக்காலத்தைத் தாண்டி அது நிலைக்குமென்பதற்கு உறுதி இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரையில் இக்கடற்கரைப் பகுதியின் காற்றில் உப்பும் கசிகிறது, அப்பளமும் துவள்கிறது. மூடியைச் சரியாகத் திருகாத டப்பாவில் ஈரம் புகுந்ததும் சோடாவும் அமிலமும் தமக்குள்ளேயே வினைபுரிந்து வாயுவை இழந்துவிடுகின்றன. பார்வைக்குத் தூள் முன்போலவே இருக்கும்; அதன் ஆற்றல் போயிருக்கும். இதனை அறிய எளிய சோதனை உண்டு. அரைத் தேக்கரண்டித் தூளைச் சிறிது வெந்நீரில் இட்டால் நுரைத்துச் சீறி எழவேண்டும். சோம்பலாகச் சில குமிழிகள் மட்டும் வந்தால் பாலேட்டைத் தொடாமல் புதிய டப்பா வாங்குவதே சிக்கனம். ஈரக் கரண்டியை டப்பாவுக்குள் விடுவதை எக்காலத்தும் தவிர்த்தல் வேண்டும்.

இனிப் பாலேடு. மராத்தி பேசும் அண்டை வீட்டார் ஸாய் என்றும், பால்காரர் மலாய் என்றும் கூறுவது இதனையே. எருமைப்பாலில் கொழுப்பு ஏறத்தாழ 7 சதவிகிதம் இருப்பதோடு, கொழுப்புத் திவலைகளும் பசுவின்பாலில் உள்ளவற்றைவிடப் பெரியவை. ஆகவே ஆடை தடித்துப் படிகிறது. உறைகளில் வரும் டோன்டு பாலில் அவ்வாறு படியாததைக் கண்டு பால்காரரைக் குறைகூறுவோர் உளர். அப்பாலில் கொழுப்பு 3 சதவிகித அளவில் நிறுத்தப்படுவது. எருமைப்பாலோடு கொழுப்பு நீக்கிய பால்தூளையும் நீரையும் கலந்து, ஏழை எளியோருக்கும் எட்டும் விலையில் பாலைத் தரும் இம்முறையை வகுத்தவர், பம்பாயின் பால்துறை ஆணையாளராக விளங்கிய தாரா குரோடி. அவருக்கும், வர்கீஸ் குரியனுக்கும், திரிபுவன்தாஸ் பட்டேலுக்கும் 1963 ஆம் ஆண்டில் மகசேசே பரிசு கூட்டாக வழங்கப்பெற்றது. ஸ்கோன் செய்வோருக்கு டோன்டு பால் உதவாது என்பது உண்மையே. அது அவர்களுக்காக ஏற்பட்டதன்று.

கடைகளில் அட்டைப்பெட்டியில் கிடைக்கும் கிரீமில் பெரும்பாலும் 25 சதவிகிதம் கொழுப்பு உண்டு. 200 மில்லிலிட்டர் பெட்டியில் 50 கிராம் கொழுப்பும், எஞ்சியவற்றில் பெரும்பகுதியாக நீரும் இருக்கின்றன. மாவை நனைக்கும் நீரையும், அதனை மென்மையாக்கும் கொழுப்பையும் ஒருங்கே தருவதுதான் பாலேட்டின் சிறப்பு. குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனியால் மாவில் உதிர்த்துத் தேய்க்கும் தொல்லை இங்கே இல்லை. தாணேயின் வெப்பத்தில் அவ்வேலை கைக்கு வருமுன்னரே வெண்ணெய் உருகிவிடுவதும் கருதத்தக்கது. வீட்டில் சேர்த்த ஆடை மிகக் கெட்டியானது. அதில் நீர் குறைவு. 120 கிராம் ஆடையை 80 முதல் 100 மில்லிலிட்டர் பாலோடு கலந்து கடைந்தால் ஏறத்தாழப் பெட்டிக் கிரீமின் பதத்திற்கு வரும். ஆடையைக் குளிர்ப்பெட்டியில் வைத்து மூன்று நாட்களுக்குள் பயன்படுத்துதல் நலம். சற்றே புளித்திருந்தால் எறியவேண்டுவதில்லை. அப்புளிப்பு ஒரு அமிலமேயாதலால், பேக்கிங் பவுடரில் ஒரு தேக்கரண்டி குறைத்துக் கால் தேக்கரண்டி ஆப்ப சோடா சேர்த்தால் போதும். துர்நாற்றமோ கசப்போ இருப்பின் அதனைக் கழித்துவிட வேண்டும்.

கோதுமை மாவிலுள்ள இருவகைப் புரதங்கள் நீரோடு சேர்ந்து பிசையப்படும்போது குளூட்டன் என்னும் இழுவையுள்ள பசை உண்டாகிறது. பரோட்டா போடுபவர் மாவை அடித்து, ஊறவைத்து, வீசி விரிப்பதெல்லாம் இப்பசையை வளர்ப்பதற்கே. ஸ்கோனுக்கு வேண்டுவது இதற்கு மறுதலை. பாலேட்டின் கொழுப்பு மாவுத் துகள்களின்மேல் படிந்து, நீர் புரதத்தை அடைவதை ஓரளவு தடுக்கிறது. பிசைபவர் மேலும் மேலும் அழுத்தினால் அத்தடை முறிந்து பசை வலுத்துவிடும். சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கை, பரபரப்பான மாவைக் கண்டவுடன் தானாகவே அதை வழவழப்பாக்க முற்படும். அக்கையை அடக்குவதுதான் இக்கலையில் கடினமான பாடம்.

எட்டுத் துண்டுகளுக்கு 250 கிராம் மைதா, மூன்று தேக்கரண்டி பேக்கிங் பவுடர், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு சிட்டிகை உப்பு ஆகியவற்றை நன்கு கலந்து இருமுறை சலிக்கவேண்டும். நடுவில் குழித்து, குளிர்ந்த 200 மில்லிலிட்டர் கிரீமை ஒருசேர ஊற்றி, கத்தியினாலோ கரண்டிக் காம்பினாலோ வெட்டிக் கலத்தல் வேண்டும். அடியில் உலர்ந்த மாவு தங்கினால் ஓரிரண்டு கரண்டி பால் தெளிக்கலாம். மைதாவுக்குப் பதில் பாதியளவு சக்கி ஆட்டா சேர்ப்போர் பாலைச் சற்றுக் கூட்டவேண்டும். தவிடும், அரைபட்டுச் சிதைந்த மாச்சத்தும் நீரை மிகுதியாக உறிஞ்சும். மாவு ஒன்றுசேர்ந்ததும் பலகையில் கொட்டி, நான்கைந்து முறை மட்டும் மடித்துத் தட்டி, வட்டமாக்கி, கத்தியால் எட்டாகப் பிளக்கலாம். வட்ட அச்சினால் வெட்டினால் ஓரத்துண்டுகளை மீண்டும் பிசைய நேரிடும். அவை கடினமாகவே ஆகும். ஈரம் பட்டவுடனேயே வாயு வெளிப்படத் தொடங்குவதால், மாவைப் பிசைந்து வைத்துவிட்டு வேறு வேலைக்குச் செல்லுதல் கூடாது. வேகாத மாவைக் குழந்தைகள் சுவைக்கவும் விடலாகாது. கோதுமை மாவில் நோய்க்கிருமிகள் இருத்தல் கூடும்.

தோசைக்கல்லில் சுடுவதாயின் வட்டம் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்திற்கு மேற்படாதிருத்தல் நன்று. கனமான இரும்புக் கல்லை இளந்தீயில் ஐந்து நிமிடம் காயவைத்து, எண்ணெய் தடவாமல் சிறிது மாவு தூவவேண்டும். அம்மாவு உடனே கருகினால் கல்லின் சூடு மிகுதி. மெல்ல வெளிறிய பொன்னிறம் ஏறினால் பதம் சரி. துண்டுகளை இடைவெளி விட்டு அடுக்கி, குழிந்த மூடியால் மூடி, பக்கத்திற்கு ஆறு முதல் எட்டு நிமிடம் வரை சுடலாம். பிறகு ஓரங்களையும் கல்லில் நிறுத்திச் சுடுதல் வேண்டும். மின்சாரச் சூட்டடுப்பு உள்ளவர்கள் மாவை இரண்டரை சென்டிமீட்டர் கனமாக வைத்து, முன்னரே 210 டிகிரி சென்டிகிரேடுக்குக் காய்ந்த அடுப்பில் 12 முதல் 15 நிமிடம் வைத்தால் போதுமானது. அனல் மந்தமாயின் மாவு இறுகி வடிவம் பெறுமுன்னரே வாயு வெளியேறிவிடும்.

பிரஷர் குக்கரில் மணலோ உப்போ நிரப்பிக் காயவைத்து அதனுள் சுடும் வழக்கம் பல வீடுகளில் பரவியிருக்கிறது. இதில் கவனம் தேவை. குக்கர் மூடியிலுள்ள பாதுகாப்பு அடைப்பானில், குறைந்த சூட்டில் உருகும் உலோகக் கலவை அமைந்துள்ளது. நீரில்லாத உலர்ந்த சூட்டில் அது கெட்டுவிடக்கூடும். மறுநாள் அதே மூடியை இட்டு அரிசி வேகவைக்கையில்தான் அதன் குறை தெரியவரும். ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் நீக்கிவிட்டால் போதும் என்று கருதுவது சரியன்று. சாதாரணத் தட்டு மூடியுள்ள கனத்த இரும்புப் பாத்திரமே இவ்வேலைக்கு ஏற்றது. அதில் 25 நிமிடம் வரை ஆகும். மேற்புறம் சிவக்காது, விரும்புவோர் இறுதியில் தோசைக்கல்லில் கவிழ்த்துச் சிவக்க விடலாம்.

இரத்த அழுத்த நோயுள்ளோர் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். சோடாவின் எடையில் கால் பங்குக்கு மேல் சோடியமே. உப்பே சேர்க்காமல் செய்தாலும் ஸ்கோனில் சோடியம் இல்லாமற் போவதில்லை. அவர்கள் ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்ளுதல் நலம்.

சுட்டவற்றைத் துணியில் சுற்றி வைத்தால் மேற்புறம் மென்மையாக இருக்கும். எஞ்சியவற்றைக் குளிர்ப்பெட்டியில் வைப்பது நல்லதன்று. அக்குளிரில் மாச்சத்து விரைவில் இறுகி ஸ்கோன் விறைத்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மறுநாள் காலையில், குறுக்கே பிளந்து, வெட்டிய பக்கத்தைத் தோசைக்கல்லில் படுத்தி, சிறிது வெண்ணெயோ கொய்யா ஜெல்லியோ தடவி உண்ணலாம். மழைக்காலத்தில் இரண்டாம் நாளுக்கு மேல் வைத்தல் கூடாது, பூஞ்சணம் பற்றிவிடும்.