கிழமைக்கூத்து இல்லாத களரி

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் கூத்துக்கென்று யாரும் கட்டடம் எழுப்பியதில்லை. கோயில் வெளியில் வட்டமாக மண்ணை உயர்த்தி, சுற்றிக் கம்பு நட்டு, மேலே வெள்ளை கட்டினால் களரி. நாலாபக்கமும் சனம். களரிக்குள்ளே மத்தளத்தோடு கூத்துப் பழக்கும் அண்ணாவியார், சல்லரிக்காரர், பிற்பாட்டுக்காரர். வடமோடிப் பாணியென்றால் பாரதப் போரும் இராமாயணமும் விடியும்வரை போகும்.

இன்று கூத்துக்கு மேடை குறைவில்லை. பாடசாலைப் போட்டிகளில் ஆடுகிறார்கள். கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கிறார்கள். விழாவென்றால் அரைமணி நேரக் கூத்து ஒன்று கட்டாயம். என் கவலையெல்லாம் மேடைக்கு முந்திய மாதங்களைப் பற்றியது.

கூத்தின் பெரும்பகுதி அரங்கேற்றத்துக்கு முன்பே நடந்து முடிந்துவிடும். நல்ல நாள் பார்த்து, அவரவர் பாட்டும் வசனமும் எழுதிய சட்டங்கொடுப்பார்கள். யாருக்கு எந்த வேடம் என்று அன்றைக்குத்தான் தெரியும். அதன்பிறகு ஒவ்வொரு இரவும் பழக்கம். அண்ணாவியார் தாளக்கட்டைச் சொல்ல, புதிதாக வந்த பொடியன் காலை எடுத்து வைப்பான். ஓர் அடி பிசகினாலும் மத்தளம் நின்றுவிடும், முதலிலிருந்து தொடங்கவேண்டும். சதங்கை அணிந்தபின் கிழமைக்கூத்து. வாரத்துக்கு ஒருநாள், ஊர் பார்த்திருக்க ஆடிக்காட்டுவார்கள். ஒரு காலத்தில் தாமே அர்ச்சுனன் ஆடிய பெரியவர்கள் முன்வரிசையில் இருந்து, வரவாட்டம் பிழை, தருப்பாட்டு இழுக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். பிறகு முழுக்கூத்தையும் ஒத்திகை பார்க்கும் அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம், அதற்கும் பின் வீடு வீடாகப் போய் ஆடுதல். ஊரே ஆசிரியர், ஊரே பரீட்சகர்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ என்று, இப்படி ஊரோடு வளர்ந்த கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். 1956இல் சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திரவின் ‘மனமே’ சிங்கள நாடகத்துக்குச் செய்த வேலை அவர் கண்முன் இருந்தது. விடியவிடிய ஆடியது ஓரிரு மணிநேரத்துக்குள் அடங்கியது. இராவணனாக ஆடிய சீலாமுனை மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து பேராசிரியரானார். அந்த முயற்சி இல்லாவிட்டால் படித்தவர்கள் கூத்தைத் திரும்பியும் பார்த்திருக்கமாட்டார்கள் என்பாருண்டு. இருக்கலாம். ஆனால் மூன்று பக்கம் அடைத்த மேடைக்கு வந்தபோது, திருத்துவதற்கென்றே வந்து குந்தியிருந்த அந்தச் சனம் கூடவே வரவில்லை.

பின்னர் யுத்தம் இரவுகளைப் பறித்தது. இரவில் வெளியே இறங்கவே பயந்த காலத்தில் கிழமைக்கூத்துக்கு யார் வருவது? வேடம் கட்டவேண்டிய வயதினர் செத்தார்கள், காணாமல் போனார்கள், கடல் கடந்தார்கள். யுத்தம் ஓய்ந்தும் அந்த இரவுகள் முழுதாகத் திரும்பவில்லை. பிள்ளைகளுக்குப் பின்னேரம் ரியூசன். இளைஞர்களுக்குக் கட்டார், சவூதி. 2014இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறந்தபின் படுவான்கரையாருக்கு நகரம் கிட்டவாகிவிட்டது. ஊரில் தங்கும் பொழுது இன்னும் சுருங்கியது. அரைமணிக் கூத்தைப் பத்து நாளில் பழக்கிவிடலாம். பத்து நாளில் ஓர் அண்ணாவியார் உருவாகமாட்டார்.

வழி இல்லாமலில்லை. 2000களின் தொடக்கத்தில் சீலாமுனையில் நடந்த கூத்து மீளுருவாக்க முயற்சியில், அரங்கச் செயற்பாட்டாளர் கலாநிதி சி. ஜெயசங்கர் முதலானோரும் ஊராரும் சேர்ந்து இருந்து பேசி, பழைய கதையில் பெண்களையும் சாதியின் பெயரால் மனிதரையும் தாழ்த்தும் இடங்களைக் கேள்வி கேட்டு, களரியிலேயே ஆடினார்கள். பழகும் காலமே அங்கு பிரதானமாக இருந்தது.

கூத்துக்கு உதவ விரும்புகிறவர்கள் விழாவுக்கும் கேடயத்துக்கும் கொடுக்கும் காசைப் பழக்கத்துக்குக் கொடுக்கட்டும். அண்ணாவியாருக்கு மாதாமாதம் கொடுப்பனவு, பழகும் இடத்துக்கு வெளிச்சம், பிள்ளைகளுக்கு ஒருநேரச் சாப்பாடு போதும். வாரத்தில் ஓர் இரவை ரியூசன் இல்லாத இரவாக ஒதுக்கப் பெற்றோரும் ஒத்துக்கொள்ளவேண்டும். கிழமைக்கூத்து நடக்கிற ஊரில் அரங்கேற்றம் தானாக வரும்.