நாற்றத்துக்கும் ஒரு நாட்குறிப்பு வேண்டும்

நச்சு அளவுக்குக் கீழேயும் தொல்லை உண்டு

2021 ஜூலை 11 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ஹைப்பீரியன் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் குப்பை தடுக்கும் சல்லடைகள் அடைத்துக்கொண்டு, நிலையத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. சுமார் 1.25 கோடி கேலன் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் கடலில் விடப்பட்டது. அதன்பின் பக்கத்து ஊரான எல் செகுண்டோவின் மக்கள் துர்நாற்றத்தாலும் தலைவலி, குமட்டலாலும் அவதிப்பட்டார்கள். அந்த நகரம் உள்ள கலிபோர்னியாவில், கழிவுநீரிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவுக்குக் காற்றில் ஒரு மணி நேர வரம்பு உண்டு. நூறு கோடியில் 30 பங்கு. உயிருக்கு ஆபத்தான அளவோடு ஒப்பிட்டால் இது மிக மிகக் குறைவு. நாற்றத்தால் வரும் தொல்லையையே அடிப்படையாக வைத்து விதித்த வரம்பு அது. இந்தியாவில் 2009இல் வந்த தேசியக் காற்றுத் தர அளவுகோலில் உள்ள 12 மாசுகளில் அம்மோனியா இருக்கிறது, ஹைட்ரஜன் சல்பைடு இல்லை. ஆகவே சென்னையின் கொடுங்கையூரிலோ பெருங்குடியிலோ சுத்திகரிப்பு நிலையத்துக்கு அருகில் வசிப்பவர்கள், காற்றுத் தர அறிக்கை நன்றாக இருப்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைய முடியாது. அவர்கள் நுகர்வதும் பதிவாக வேண்டும்.

மூக்கை நம்பலாமா?

ஒருவருக்கு நாறுவது இன்னொருவருக்கு நாறாதே, இதை எப்படி ஆதாரமாக ஏற்பது என்று அதிகாரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஜெர்மனியில் உருவாகி இன்று ஐரோப்பியத் தரமாகிவிட்ட முறை இதற்குப் பதில் தருகிறது. பியூட்டனால் என்ற வேதிப்பொருளை முகரவைத்து, மூக்கு மந்தமும் இல்லாத, மிகையாக உணரவும் செய்யாத ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். குறித்த இடத்தில் 10 நிமிடம் நின்று, 10 விநாடிக்கு ஒரு முறை முகர்ந்து எழுதுகிறார்கள். 60 பதிவுகளில் பத்தில் ஒரு பங்கில் நாற்றம் தெரிந்தாலே அந்த அளவீடு ஒரு ‘நாற்ற மணி நேரம்’ என்று கணக்கில் ஏறும். தனி மனித உணர்வு இப்படித்தான் ஒழுங்கான தரவாகிறது. கருவியே போதும் என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: ஹைட்ரஜன் சல்பைடு கருவிக்கு மெர்காப்டான் போன்ற மற்ற வாயுக்களின் முழு நாற்றமும் தெரியாது. மூக்குக்கு அவை எல்லாம் சேர்ந்தே எட்டும்.

ஆனால் மூக்குக்கும் எல்லை உண்டு, அது உயிர் சம்பந்தப்பட்ட எல்லை. பத்து லட்சத்தில் 100 பங்கு அளவில் ஹைட்ரஜன் சல்பைடு சில நிமிடங்களில் மோப்ப உணர்வை மரக்கச் செய்துவிடும். வாயு போய்விட்டதாகத் தோன்றும், போயிருக்காது. நிலையத்துக்குள்ளும் ஆள்நுழைகுழியிலும் வேலை செய்பவர்களுக்கு எச்சரிக்கை ஒலி எழுப்பும் வாயுமானி இருந்தே தீர வேண்டும். அங்கே மூக்கை நம்பச் சொல்வது அநியாயம்.

என்ன எழுதுவது

அருகில் வசிப்பவர்கள் நாட்குறிப்பில் எழுத வேண்டியவை: தேதி, நேரம், தெரு, காற்றடிக்கும் திசை, அழுகிய முட்டை நாற்றமா மல நாற்றமா, எவ்வளவு நேரம் நீடித்தது, உடலில் என்ன செய்தது. இவ்வளவும் ஒரே வரியில் அடங்கும். காற்று அசையாத பின்னிரவிலும் விடியலிலும் வாயு தரையோடு தங்கும் என்பதால் அந்த நேரங்களை விடக்கூடாது. நாற்றம் இல்லாத நாளையும் எழுத வேண்டும். அது இல்லாவிட்டால், புகார் சொல்லவே எழுதியது என்று தள்ளிவிடுவார்கள். அங்கேயே இருப்பவரின் மூக்கு பழகிப்போகும், ஆகவே வெளியே போய்த் திரும்பியதும் எழுதுவது நல்லது. பல வீடுகளின் குறிப்புகளை நிலையத்தின் வேலை நேரத்தோடு பொருத்திப் பார்த்தால், கசடு பிழியும் நேரத்தில் நாறுகிறதா, கழிவுநீர் வந்து விழும் இடத்திலிருந்து வருகிறதா என்று பொறியாளருக்கே விளங்கும். எங்கே மூடி போடுவது, எங்கே வாயுவை உறிஞ்சிச் சுத்தம் செய்வது என்பதை அதை வைத்து முடிவு செய்யலாம்.