ஊட்டிக் கிழங்கு: கிரேட் ஸ்காட் முதல் சஹ்யாத்ரி வரை

மேட்டுப்பாளையம் மண்டியில் ஊட்டிக் கிழங்குக்கு எப்போதும் தனி மதிப்பு. குஜராத், ஆக்ரா, கோலார் என எங்கிருந்து லாரி வந்து நின்றாலும், மலையிலிருந்து இறங்கிய மூட்டைக்கு விலை ஒரு படி கூடத்தான் போகும். இந்தப் பெயர் பழையது. மூட்டைக்குள் இருக்கும் கிழங்கோ பழையது அல்ல. பாட்டி பூரிக்கு மசித்த ஊட்டிக் கிழங்கும் இன்று நாம் மசிப்பதும் ஒரே ஊர்க்காரர்கள், வேறு வேறு ரகங்கள். நடுவில் நடந்ததைச் சமையலறையில் யாரும் பேசுவதில்லை. நீலகிரியில் விதைக்கிழங்கு வாங்கும் ஒவ்வொருவருக்கும் அது தெரியும்.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் உதகையில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிடத் தொடங்கினார். உருளைக்கிழங்கு மலையேறியது அப்போதுதான். சாமையும் ராகியும் கொரலியும் விதைத்துவந்த படுகர்கள் மெல்ல மெல்ல இதைத் தங்கள் பயிராக்கிக்கொண்டார்கள். அவரையோடு உருளையைச் சேர்க்கும் குழம்பு அவர்கள் வீட்டுச் சமையலாகவே ஆகிவிட்டது. 1870க்கும் 1880க்கும் இடையில் கருகல் நோய் வந்தது. 1845இல் அயர்லாந்தைப் பட்டினியில் தள்ளிய அதே நோய்தான்; இந்தியாவில் முதன்முதலாக அது பதிவானது நீலகிரியில். குளிரும் மூடுபனியும் விடாத தூறலும் இருந்தால் போதும். காலையில் இலை நுனியில் தெரியும் நீர்கோத்த புள்ளி, சில நாளில் வயல் முழுவதையும் கருக்கிவிடும். தென்மேற்குப் பருவமழையில் சிக்கும் கார்போகப் பயிருக்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை.

அந்தக் காலத்தின் பெயர்போன ரகம் கிரேட் ஸ்காட். ஸ்காட்லாந்திலிருந்து வந்தது, உருண்டையானது, வெண்தோல் கொண்டது. விளைச்சலுக்கும் வாய்க்கும் நல்ல பெயர் எடுத்தது. கருகலைத் தாங்கும் வலு மட்டும் அதற்கு இல்லை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைத் தெளித்துத் தெளித்துத்தான் அதைக் காப்பாற்றினார்கள். ரகம் ருசியைக் கொடுத்தது, நோயைத் தாங்கும் பொறுப்பு விவசாயியின் கைத்தெளிப்பான் மேல் விழுந்தது. அன்றைய கணக்கு இதுதான்.

நாடு விடுதலையான பின் அந்தக் கணக்கை மாற்ற முயன்றார்கள். 1949இல் பாட்னாவில் தொடங்கிய மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1956இல் சிம்லாவுக்கு மாறியது. சிம்லாவை அடுத்த குப்ரி என்ற மலையூரில் உருளைச்செடி நன்றாகப் பூக்கும். பூத்தால்தான் மகரந்தம் எடுத்து ஒட்டுச் சேர்க்க முடியும். அங்கே பிறந்த ரகங்களெல்லாம் ஊரின் பெயரையே முன்னால் சுமக்கின்றன. நீலகிரிக்கு ஏற்றதைத் தேட, உதகை அருகே முத்தோரையில் 1957இல் ஒரு கிளை நிலையம் வந்தது. கருகலுக்கு நல்ல எதிர்ப்போடு 1968இல் வெளிவந்த குப்ரி ஜோதி, கிரேட் ஸ்காட்டின் இடத்தைப் பிடித்தது. வெளுத்த வழவழப்பான தோல், முட்டை வடிவம், ஆழமில்லாத கண்கள். தோல் சீவும்போது சதை வீணாகாது, சாக்கில் பார்த்தாலே கண்ணுக்குப் பிடிக்கும். வீட்டுக்கும் மண்டிக்கும் ஒருசேரப் பிடித்த கிழங்கு அது.

ஜோதிக்குச் சில ஆண்டுகள் முன்பே மண்ணுக்கடியில் வேறொரு கதை தொடங்கியிருந்தது. 1961இல் எஃப்.ஜி.டபிள்யூ. ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய நூற்புழு அறிஞர் உதகையில் முட்டைக்கூடு நூற்புழுவைக் கண்டார். பொன்னிறக் கூடு கட்டும் இனமும் வெண்ணிறக் கூடு கட்டும் இனமுமாக நீலகிரி மண்ணில் இரண்டுமே உண்டு. வேரில் ஒட்டியிருக்கும் ஊசித்தலை அளவு உருண்டைகளை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். ஒவ்வொன்றுக்குள்ளும் நூற்றுக்கணக்கில் முட்டைகள். உருளை நடாமல் விட்டாலும் அவை பல ஆண்டுகள், சில இருபதாண்டுக்கும் மேல், உயிரோடு காத்திருக்கும். உருளையின் வேர் கசியும் சாறு பட்டதும் பொரிந்து வெளிவரும். கருகல் ஒரு போகத்தை அழிக்கும். மழை நின்றால் அடுத்த போகத்துக்கு நம்பிக்கை உண்டு. இந்தப் புழு நிலத்திலேயே குடியேறிவிடுகிறது. செடி கூனிக் குறுகி, வெயில் ஏறியதும் வாடும். தோண்டினால் கோலி அளவுக் கிழங்குகள். இந்த மலையின் உருளைக்கு நேர்ந்தவற்றில் இதைவிடப் பெரிய இழப்பு எதுவும் இல்லை என்பேன்.

இந்தப் புழு பரவாமலிருக்க, நீலகிரி விதைக்கிழங்கு வெளியூர்களுக்குப் போக 1971இல் தடை வந்தது. ஒருகாலத்தில் விதை கொடுத்த மலை, தன் கிழங்கை உணவுக்கு மட்டும் விற்கும் மலையானது. புழுவைக் கொல்லக் கார்போஃபியூரான் குருணையை மண்ணில் கொட்டினார்கள். அது பறவைகளைக் கொல்லும் கடும் நஞ்சு. ஓடைகள் பிறக்கும் மலைச்சரிவில் போடத் தகுந்த பொருளே அல்ல. தேயிலைக்கு நல்ல விலை கிடைத்த நாட்களில் எத்தனையோ உருளைத் தோட்டங்கள் தேயிலையாயின. மிஞ்சியவற்றில் பெரும்பகுதியில் கேரட் ஏறியது.

முத்தோரையின் பதில் 1985இல் வந்தது. குப்ரி ஜோதியை, தென்னமெரிக்கக் காட்டு இனமான சொலானம் வெர்னியின் இரத்தம் கலந்த ஒரு வரிசையோடு ஒட்டுச் சேர்த்துப் பிறந்தது குப்ரி சுவர்ணா. புழுவின் இரு இனங்களையும் தாங்கும், கருகலையும் தாங்கும். அது தாங்கும் விதம் அழகானது. குஞ்சு வேருக்குள் நுழைகிறது. அது உண்ண வேண்டிய செல்லை உருவாகவிடாமல் செடி சிதைத்துவிடுகிறது. பெண்புழு முட்டையிடும் அளவுக்கு வளர்வதே இல்லை. முட்டைகளைப் பொரிய வைத்துவிட்டுக் குஞ்சுகளைப் பட்டினி போடுவதால், சுவர்ணா நட்ட நிலத்தில் புழு குறைகிறது. நஞ்சு செய்ய வேண்டிய வேலையைப் பயிரே செய்கிறது.

ஆனாலும் சுவர்ணாவால் ஜோதியை அகற்ற முடியவில்லை. மண்டி ஜோதியின் முகத்துக்குப் பழகியிருந்தது. நோயைத் தாங்கும் ரகத்துக்கு வாங்குபவர் ஒரு ரூபாய்கூட அதிகம் தருவதில்லை. அவர் பார்ப்பது அளவு, நிறம், தோல். ஜோதியின் கருகல் எதிர்ப்போ காலப்போக்கில் தளர்ந்துவிட்டது. நோய்க்கிருமி தன்னை மாற்றிக்கொண்டு அதைத் தாண்டியது. புழுவுக்கு அது முதலிலிருந்தே இரைதான். மருந்துச் செலவு முழுவதையும் விவசாயி சுமந்து, நமக்குப் பிடித்த முகத்தை நமக்கே வளர்த்துத் தருகிறார். இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எதிர்ப்பும் ருசியும் ஒரு கிழங்கில் சேராது என்று சிலர் சொல்வார்கள். இங்கிலாந்தைப் பாருங்கள். கேம்பிரிட்ஜில் உருவாகி 1966இல் வெளிவந்த மாரிஸ் பைப்பர் பொன்னிறக் கூட்டுப் புழுவைத் தாங்கும் ரகம். அந்த நாட்டுச் சிப்ஸ் கடைகளின் செல்லக் கிழங்கும் அதுவே. அங்கே சறுக்கியது வேறு இடத்தில். ஒரே இனத்தை மட்டும் தடுத்ததால் வெண்ணிறக் கூட்டு இனம் பெருகிவிட்டது. இரண்டையும் தடுக்கும் சுவர்ணாவின் அருமை இதை வைத்துப் பார்க்கும்போதுதான் விளங்கும். அதன் வழியில் 2010இல் குப்ரி நீலிமாவும் பின்னர் குப்ரி சஹ்யாத்ரியும் வந்தன. புழுவை விடக் கருகல்தான் பெரிய தொல்லை என்ற இடங்களில் குப்ரி ஹிமாலினி, குப்ரி கிரிதாரி போன்றவை உதவும்.

தாங்கும் ரகங்களின் தேவை நம் மலையோடு நிற்கவில்லை. 2018இல் இமாச்சலம், உத்தராகண்ட், ஜம்மு காஷ்மீர் மலைகளின் விதைக்கிழங்குக்கும் மத்திய அரசு தடை விதித்தது. காரணம் அதே நூற்புழு. நாட்டுக்கே விதை தந்த குப்ரி மண்ணிலும் அது இருந்தது.

இனி ருசிக்கு வருவோம். ஊட்டிக் கிழங்கு ஏன் இனிப்பில்லாமல் நன்றாக வேகிறது என்பதில் ரகத்துக்குப் பாதிப் பங்குதான். வட இந்தியச் சமவெளியில் பிப்ரவரி, மார்ச்சில் தோண்டும் கிழங்கு பல மாதம் குளிர்க்கிடங்கில் இருக்கும். 2 முதல் 4 டிகிரிக் குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. வறுவல் போட்டால் வேகும் முன்பே கறுக்கும், மசித்தால் தித்திக்கும். நீலகிரியில் கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று ஆண்டில் மூன்று நடவு. வயலிலிருந்து நேரே மண்டிக்கு வரும் கிழங்குக்குக் குளிர்க்கிடங்கு தேவைப்படுவதில்லை. சிப்ஸ் ஆலைகள் இதே சர்க்கரைச் சிக்கலுக்காகவே 1998இல் வெளியான சிப்சோனா ரகங்களை நாடுகின்றன. அவற்றில் உலர்சத்து அதிகம், சர்க்கரை குறைவு.

ஆகவே ஜோதியை விட்டால் ஊட்டி ருசி போய்விடும் என்ற அச்சம் தேவையில்லை. சுவர்ணாவோ நீலிமாவோ அதே குளிர்க்காற்றில் விளைந்து, அதே வேகத்தில் மேட்டுப்பாளையம் வந்து சேரும். அரிசி வாங்கும்போது பொன்னியா என்று கேட்கிறோம், மாம்பழத்தில் மல்கோவாவைத் தேடுகிறோம். கிழங்குக்கு ஊர்ப்பெயரோடு நிறுத்திவிடுகிறோம். ரகத்தின் பெயர் சாக்கின் மேல் வரட்டும். தாங்கும் ரகத்துக்குக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கத் தயாராக இருப்போர் நகரங்களில் நிச்சயம் உண்டு. புழு உள்ள நிலத்தில் ஒரு போகம் சுவர்ணா, அடுத்து கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ், அதற்குப் பிறகே ஜோதி என்று சுழற்றினால் நிலத்தில் புழு குறையும். அந்தச் சுழற்சியில் உருளை இல்லாத போகங்களின் வருமான இழப்பைத் தாங்க அரசு கைகொடுக்க வேண்டும். நல்ல விதைக்கிழங்கும் கேட்ட நேரத்தில் கிடைக்க வேண்டும்: புழு இல்லாத மண்ணில் விளைந்தது, நாற்பது ஐம்பது கிராம் எடையுள்ளது, கண்கள் முளைவிட்டது. கார்போக நடவுக்கு அது மார்ச் மாதமே மலைக்கு வந்துசேர்ந்திருக்க வேண்டும்.