சுவருக்குள் போகும் முன்: நீளமான எச்டிஎம்ஐ கேபிள்

வீட்டுத் திரையரங்கில் புரொஜெக்டர் அறையின் பின்பக்கக் கூரையில் தொங்கும். பிளேயரும் ஏவி ரிசீவரும் முன்பக்கம், திரைக்குக் கீழே இருக்கும். இரண்டையும் இணைக்கும் எச்டிஎம்ஐ கேபிள் சுவரேறி, ஃபால்ஸ் சீலிங் வழியாகப் போய்ச் சேர 10 முதல் 15 மீட்டர் வரை தேவைப்படும். 2 மீட்டர் கேபிளில் விலை குறைந்ததும் கூடியதும் பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் தரும். 15 மீட்டரில் கதை வேறு.

2013-இல் வந்த எச்டிஎம்ஐ 2.0, மூன்று கம்பி இணைகள் வழியாக நொடிக்கு மொத்தம் 18 ஜிகாபிட் அனுப்புகிறது. 2017-இல் வந்த 2.1, நான்கு இணைகளில் தலா 12 என 48 ஜிகாபிட் வரை அனுப்பும். வேகம் கூடினால் அதிர்வெண்ணும் கூடும். உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பை ஒட்டியே ஓடுவதால் தடை அதிகரிக்கிறது. கம்பியைச் சுற்றிய காப்புறையும் ஆற்றலை உறிஞ்சிக்கொள்கிறது. ஒவ்வொரு மீட்டருக்கும் இந்த இழப்பு கூடிக்கொண்டே போகும். அதனால்தான் சாதாரணச் செம்புக் கேபிளில் 48 ஜிகாபிட்டை ஏறத்தாழ 5 மீட்டருக்கு மேல் கொண்டுபோவது கடினம். 18 ஜிகாபிட் என்றால் 7, 8 மீட்டர் வரை தாக்குப்பிடிக்கலாம். தடித்த கம்பி போட்டால் கொஞ்சம் கூடுதல் தூரம் கிடைக்கும். ஆனால் அந்தக் கேபிள் விறைப்பாக இருக்கும், அதன் எடையே புரொஜெக்டரின் சாக்கெட்டைத் தளர்த்திவிடும்.

கடைக்குப் போகும் முன் எவ்வளவு வேகம் வேண்டும் என்பதைக் கணக்கிடுவது நல்லது. 4கே புளூ-ரே சினிமாக்களில் பெரும்பாலானவை நொடிக்கு 24 ஃபிரேம். இதற்கு 9 முதல் 13 ஜிகாபிட் போதும். 60 ஃபிரேம் எச்டிஆர் படம் 18-ஐத் தொட்டுவிடும். 120 ஃபிரேமில் ஓடும் வீடியோ கேமுக்குத்தான் 30, 40 ஜிகாபிட் தேவை. வீட்டுப் புரொஜெக்டர்கள் பல 18 ஜிகாபிட்டோடு நின்றுவிடுபவை. அவற்றுக்கு 48 ஜிகாபிட் கேபிள் வாங்கினால் இன்றைய படம் மேம்படாது. ஆனாலும் சுவருக்குள் புதைக்கப்போகும் கேபிள் என்றால், அடுத்த புரொஜெக்டரை எண்ணி அதை வாங்குவது வீண்செலவு அல்ல.

அட்டைப்பெட்டியில் ‘2.1 கேபிள்’ என்ற எழுத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. எச்டிஎம்ஐ உரிம அமைப்பு கேபிள்களுக்குப் பதிப்பு எண் போடுவதையே ஏற்பதில்லை. 18 ஜிகாபிட்டுக்குச் சான்று பெற்றது ‘பிரீமியம் ஹை ஸ்பீடு’, 48-க்குச் சான்று பெற்றது ‘அல்ட்ரா ஹை ஸ்பீடு’. இரண்டிலும் செல்பேசியில் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் முத்திரை உண்டு. தங்க முலாம் பூசிய முனைகள் துருவைத் தடுக்கும். படத்தின் நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

10 மீட்டரைத் தாண்டினால் ஒளியிழைக் கேபிளே நம்பகமான வழி. ஒரு முனையில் உள்ள சிறு சிப் மின்குறிப்பை ஒளியாக்குகிறது, மறுமுனைச் சிப் அதைத் திரும்ப மின்குறிப்பாக்குகிறது. இது ஒருவழிப் பாதை. ‘சோர்ஸ்’ என்று எழுதிய முனை பிளேயர் அல்லது ரிசீவர் பக்கமும், ‘டிஸ்ப்ளே’ முனை திரைப் பக்கமும் போக வேண்டும். மாற்றிச் செருகினால் படமே வராது. சிப்புகளுக்கான மின்சாரம் எச்டிஎம்ஐ சாக்கெட்டின் 5 வோல்ட்டிலிருந்து வருகிறது. அங்கே உறுதியாகக் கிடைப்பது 55 மில்லி ஆம்பியர் மட்டுமே என்பதால், சில கருவிகளோடு இந்தக் கேபிள் முரண்டுபிடிக்கும். கூடுதல் யூஎஸ்பி மின்வயர் உள்ள கேபிள் இங்கே கைகொடுக்கும். மெல்லிய இழை வளைவைத் தாங்கும், கூரான மடிப்பைத் தாங்காது.

எந்தக் கேபிளாக இருந்தாலும் சோதனை குழாய்க்குள் இழுப்பதற்கு முன்பே நடக்க வேண்டும். கேபிளைத் தரையில் தளர்வாக விரித்து, அறையில் இருக்கப்போகும் அதே பிளேயர், ரிசீவர், புரொஜெக்டரோடு இணைக்க வேண்டும். புரொஜெக்டரிலும் ரிசீவரிலும் எச்டிஎம்ஐ உள்ளீட்டுக்கு ‘என்ஹான்ஸ்டு’ போன்ற அமைப்பு இருந்தால் அதை இயக்க வேண்டும். இல்லாவிட்டால் குறைந்த வேகக் குறிப்பே ஓடும், மோசமான கேபிளும் தேறிவிடும். 24 ஃபிரேம் சினிமாவைப் போட்டுப் பார்த்துத் திருப்தியடைவதும் இதே வகைத் தவறு. ஆங் லீ இயக்கிய ‘பில்லி லின்ஸ் லாங் ஹாஃப்டைம் வாக்’, ‘ஜெமினி மேன்’ ஆகியவற்றின் 4கே டிஸ்குகள் 60 ஃபிரேமில் வந்தவை. கதையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் கேபிளைச் சோதிக்க அவை அருமையானவை. டிஸ்க் இல்லாதவர்கள் ஸ்ட்ரீமிங் பெட்டியின் வெளியீட்டை 4கே, 60, எச்டிஆர் என்று நிலைநிறுத்தலாம். புரொஜெக்டரின் தகவல் திரை அதே எண்களைக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, ஓரிரு மணி நேரம் ஓடவிட வேண்டும். இடையிடையே கருவிகளை அணைத்துப் போடுவதும், 24-க்கும் 60-க்கும் மாற்றுவதும் அவசியம்.

கேபிள் தோற்கும் விதம் தனியானது. டிஜிட்டல் குறிப்பில் நிறம் மங்குவதோ படம் மென்மையாவதோ கேபிளால் நேராது. இருண்ட காட்சியில் மின்னும் புள்ளிகள், ஓரிரு நொடி கருத்துத் திரும்பும் திரை, ‘சிக்னல் இல்லை’ என்ற செய்தி ஆகியவையே அதன் அடையாளங்கள். 2.1 கருவிகள் இன்னும் தந்திரமானவை: கேபிள் தாங்காவிட்டால் சத்தமில்லாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கேம் கன்சோலின் மெனுவில் 120 என்ற தேர்வே காணாமல் போகும். கோளாறு எதில் என்று தெரிய, பிளேயரைப் புரொஜெக்டர் அருகில் கொண்டுபோய் 2 மீட்டர் கேபிளில் நேராக இணைத்துப் பார்க்கலாம். அப்போது சரியாக வந்தால் நீளக் கேபிளையோ நடுவில் உள்ள ரிசீவரையோதான் சந்தேகிக்க வேண்டும்.

சோதனையில் தேறிய கேபிளையும் சிமென்ட்டுக்குள் நேரடியாகப் புதைக்கக் கூடாது. எச்டிஎம்ஐ முனையின் அகலம் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். மின்வயருக்குப் போடும் மெல்லிய பிவிசி குழாயின் வளைவில் அது சிக்கிக்கொள்ளும். அகலமான குழாய் வேண்டும், முழங்கை வளைவுக்குப் பதிலாக நீண்ட வளைவு வேண்டும், கேபிளோடு ஒரு நைலான் கயிறும் உள்ளே கிடக்க வேண்டும். அதே குழாயில் ஒரு கேட்6 வயரையும் இழுத்துவைத்தால், ஒளியிழை என்றாவது செத்துப்போகும்போது எச்டிபேஸ்டி கருவிகளைக் கொண்டு படத்தை அதன் வழியே அனுப்பலாம்.