ஆக்ஸிலேட்டரை அழுத்துவது காலா, மேட்டா?

கம்ப்யூட்டர் இதழில் பிக்கப் வண்டியின் ஃப்ளோர் மேட்டுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது! உங்கள் மேஜை மீது ஒரு கம்ப்யூட்டர் இருப்பது போல, இன்று விற்பனைக்கு வரும் வண்டிகளிலும் எஞ்சினை நிர்வகிக்க ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டருக்கு கீபோர்டு எப்படியோ, அந்தக் கம்ப்யூட்டருக்கு ஆக்ஸிலேட்டர் பெடல் அப்படி.

கீபோர்டு மீது தடிமனான புத்தகம் ஒன்று சாய்ந்து, என்டர் கீ அமுங்கிக் கொண்டால் என்ன ஆகும்? திரையில் வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். அழுத்துவது விரலா, புத்தகமா என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. வண்டியில் அந்தப் புத்தகத்தின் வேலையைச் செய்வது, சரியாகப் பொருத்தாத மேட். ஒரே ஒரு வித்தியாசம், அங்கே ஓடுவது வரிகள் அல்ல, வண்டி.

விழுப்புரம் - புதுச்சேரி சாலையில், பண்ருட்டி சாலை பிரியும் இடம் எங்கள் கோலியனூர் கூட்ரோடு. நெல் மூட்டையும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு பிக்கப் வண்டிகள் போய்வரும் சாலை இது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலில் இறங்கிய காலோடு டிரைவர் வண்டியில் ஏறுவார். எனவே மேட் இல்லாமல் முடியாது. வண்டியோடு வந்த மேட் கிழிந்ததும் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ சீட் கவர் கடையில் ஒன்றை வாங்கி விரித்துவிடுகிறோம். சிலர் பழைய மேட்டின் மேலேயே புதியதைப் போடுகிறார்கள். சிலர் சாக்கை மடித்துப் போடுகிறார்கள். இதில் என்ன ஆபத்து, எப்படித் தவிர்ப்பது என்று பார்ப்போம்.

4 பேர் உயிரைப் பறித்த மேட்

2009 ஆகஸ்ட் 28. அமெரிக்காவின் சான் டியாகோ அருகே ஒரு லெக்ஸஸ் கார், மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் நிற்காமல் ஓடியது. ஓட்டியவர் நெடுஞ்சாலைக் காவல்துறை அதிகாரி. அன்று அவர் பணியில் இல்லை. அவருடைய சொந்தக் கார் சர்வீசில் இருந்ததால், டீலர் தற்காலிகமாகக் கொடுத்த கார் அது. ஆக்ஸிலேட்டர் மாட்டிக்கொண்டது, பிரேக் பிடிக்கவில்லை என்று காரில் இருந்தவர் அவசர உதவி எண்ணை அழைத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோதே விபத்து நடந்தது. காரில் இருந்த 4 பேரும் இறந்தார்கள்.

விசாரணையில் தெரிய வந்தது இதுதான். அந்தக் காரில் போட்டிருந்தது வேறொரு லெக்ஸஸ் மாடலுக்கான ரப்பர் மேட். தரையில் இருந்த கொக்கிகளில் அதை மாட்டவும் இல்லை. மேட் முன்னால் நகர்ந்து பெடலைப் பிடித்துக்கொண்டது. பிரேக்குகள் நெடுநேரம் அழுத்தப்பட்டு சூடேறித் தேய்ந்ததற்கான அடையாளங்களும் இருந்தன. வண்டி ஓட்டுவதில் பயிற்சி பெற்ற காவல் அதிகாரிக்கே இந்த நிலை என்றால் மற்றவர்களின் கதி என்ன?

மறுமாதமே டொயோட்டா நிறுவனம் சுமார் 38 லட்சம் வண்டிகளின் உரிமையாளர்களிடம், டிரைவர் பக்க மேட்டை எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டது. அந்தப் பட்டியலில் கார்கள் மட்டுமல்ல, 2005 முதல் 2010 வரையிலான டகோமா, 2007 முதல் 2010 வரையிலான டுண்ட்ரா ஆகிய பிக்கப்புகளும் இருந்தன. பிறகு பெடலின் நீளத்தைக் குறைப்பது, மேட்டை மாற்றுவது போன்ற திருத்தங்கள் செய்யப்பட்டன. வேகச் சிக்கல்கள் பற்றிய உண்மைகளை வாடிக்கையாளர்களிடம் சரியாகச் சொல்லவில்லை என்பதற்காக, 2014ல் அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் செலுத்த அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது.

பெடலுக்குள் என்ன நடக்கிறது?

பழைய வண்டிகளில் ஆக்ஸிலேட்டர் பெடலிலிருந்து எஞ்சினுக்கு ஒரு கம்பி கேபிள் போகும். பெடலை மிதித்தால் கேபிள் இழுபடும், எஞ்சின் வேகமெடுக்கும். புதிய வண்டிகளில் பெரும்பாலும் கேபிள் கிடையாது. பெடலில் உள்ள சென்சார், பெடல் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பதை மின்னழுத்தமாக மாற்றி ஈ.சி.யு. எனப்படும் எஞ்சின் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். கம்ப்யூட்டர் அதைப் படித்து எஞ்சினுக்கு ஆணையிடும். இன்புட், பிராசஸ், அவுட்புட் என்று கம்ப்யூட்டர் வகுப்பில் முதல் நாள் படிப்போமே, அதேதான்.

சென்சார் பழுதானால்? அதற்கும் ஏற்பாடு உண்டு. பெடலில் ஒன்றுக்கு இரண்டு சென்சார்கள் இருக்கும். இரண்டும் தனித்தனியே தகவல் அனுப்பும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் கம்ப்யூட்டர் சந்தேகப்பட்டு, எச்சரிக்கை விளக்கை எரியவிட்டு, எஞ்சினின் சக்தியைக் குறைத்துவிடும்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். மேட் பெடலை அழுத்தும்போது இரண்டு சென்சார்களும் ஒரே தகவலைத்தான் தருகின்றன. பெடல் உண்மையிலேயே கீழே இறங்கித்தான் இருக்கிறது! எதுவும் பழுதில்லை. எனவே கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வர வழியே இல்லை. டிரைவர் வேகம் கேட்கிறார் என்று எண்ணி, வேகத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

சாஃப்ட்வேர் குற்றவாளியா?

மேட் மேல் பழிபோட்டு சாஃப்ட்வேர் தப்பித்துக்கொள்கிறதோ என்ற சந்தேகம் அப்போதே எழுந்தது. அமெரிக்க அரசு நாசா விஞ்ஞானிகளின் உதவியைக் கேட்டது. அவர்கள் 2,80,000 வரிகளுக்கும் மேலான புரோகிராமை ஆராய்ந்தார்கள். அதிவேகத்துக்குக் காரணமாகக்கூடிய எலக்ட்ரானிக் கோளாறு எதையும் நாசா கண்டுபிடிக்கவில்லை என்று 2011 பிப்ரவரியில் முடிவு வெளியானது.

விவாதம் அதோடு ஓயவில்லை. 2007ல் ஒக்லஹோமா மாநிலத்தில் நடந்த வேறொரு விபத்து வழக்கில், எஞ்சின் சாஃப்ட்வேரில் குறைகள் இருப்பதாக நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். 2013 அக்டோபரில் ஜூரிகள் டொயோட்டாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். ஆக, எந்த சாஃப்ட்வேரும் கேள்விக்கு அப்பாற்பட்டது அல்ல. ஆனால் சான் டியாகோ விபத்தில் கம்ப்யூட்டருக்குப் போன இன்புட்டே தவறு. தவறான இன்புட் போனால் தவறான அவுட்புட்தானே வரும்?

இந்த விபத்துக்குப் பிறகு பரவலாகப் பேசப்பட்டதுதான் பிரேக் ஓவர்ரைடு என்ற வசதி. இது ஒரு சின்ன நிபந்தனை. ஆக்ஸிலேட்டரும் அழுந்தியிருக்கிறது, பிரேக்கும் அழுந்தியிருக்கிறது என்றால், பிரேக்கை மட்டும் நம்பி எஞ்சின் சக்தியைக் குறை. அவ்வளவுதான். உங்கள் வண்டியில் இந்த வசதி இருக்கிறதா என்று வண்டியோடு வந்த கையேட்டில் பாருங்கள், அல்லது ஷோரூமில் கேளுங்கள். இருந்தாலும் மேட்டைக் கட்டாயம் பொருத்த வேண்டும். மேட் சுருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போய்விட்டால், அதை எந்த சாஃப்ட்வேராலும் எடுத்துவிட முடியாது.

மேட் வாங்கும்போது

1. இணையத்தில் வாங்குவதானால் வண்டியின் பெயரோடு வருடத்தையும் சேர்த்துத் தேடுங்கள். ஒரே பெயரில் வரும் வண்டியில்கூட வருடத்துக்கு வருடம் தரை அமைப்பு மாறலாம்.

2. படத்தை நன்றாகப் பாருங்கள். வெளிநாட்டு வண்டிக்கான மேட் என்றால் டிரைவர் இடது பக்கம் இருப்பார். நமக்கு வலது பக்கம். பெடல் வரும் இடத்தில் வெட்டு மாறிப்போகும்.

3. "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று எழுதியிருந்தால், எந்த வண்டிக்கும் அளவெடுத்துச் செய்யப்படவில்லை என்று பொருள். அதை வாங்கினால் வெட்டித்தான் போட வேண்டும்.

4. தட்டு மாதிரி விளிம்பு உயர்ந்த மேட் சேற்றைத் தாங்கும். ஆனால் பெடலின் கீழ் நுனி அந்த விளிம்பில் மாட்டுகிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

பொருத்துவது எப்படி?

முதல் வேலை, பழைய மேட், சாக்கு எல்லாவற்றையும் வெளியே எடுப்பது. டிரைவர் பக்கம் ஒரே ஒரு மேட்தான் இருக்க வேண்டும். மேட் மேல் மேட் போட்டால் மேலே உள்ளது கொக்கியில் மாட்டாது, வழுக்கும். தரையைத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள்.

அடுத்து, தரையில் கொக்கியோ பொத்தானோ இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் சீட்டுக்கு முன்னால், குதிகால் படும் இடத்துக்கு அருகில் இருக்கும். இருந்தால், அதற்கு நேராக ஓட்டை உள்ள மேட்டை வாங்கி மாட்டுங்கள். "டக்" என்று உட்கார்ந்ததா என்று கையால் இழுத்துப் பாருங்கள்.

கொக்கி இல்லையா? கார் உதிரிப்பொருள் கடைகளில் மேட் கிளிப் என்று கேளுங்கள். தரையில் கார்ப்பெட் இருந்தால், திருகி இறக்கும் வகை கிளிப் நன்றாகப் பிடிக்கும். பிக்கப்புகளில் பெரும்பாலும் கார்ப்பெட் இருக்காது, ரெக்ஸினோ ரப்பரோதான் இருக்கும். அதில் ஒட்டுப்பட்டை தூசியிலும் ஈரத்திலும் சீக்கிரம் விட்டுவிடும். துளை போட்டுத்தான் பொருத்த வேண்டுமென்றால் நீங்களாகப் போடாதீர்கள். தரைக்கு அடியில் ஒயரோ டீசல் பைப்போ பிரேக் பைப்போ போகலாம். மெக்கானிக்கிடம் விடுங்கள்.

மேட்டை வெட்ட வேண்டியிருந்தால், முதலில் பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்து, பெடல்களைச் சுற்றி வெட்டி அளவு எடுங்கள். அந்தத் தாளை மேட் மீது வைத்து வரைந்து, பிறகு வெட்டுங்கள். முள் முள்ளாக இருக்கும் பக்கம் கீழே இருக்க வேண்டும். அழகாக இருக்கிறது என்று திருப்பிப் போட்டால் மேட் நகரும். பளபளப்புக்காக டிரைவர் பக்க மேட்டில் பாலிஷ் தடவவே கூடாது.

5 நிமிட சோதனை

எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

1. ஆக்ஸிலேட்டரைத் தரைவரை மிதித்து விடுங்கள். தானாக, தடையில்லாமல் மேலே வர வேண்டும்.

2. மேட்டைக் கையால் முன்பக்கம் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளிவிட்டு, மறுபடியும் மிதித்துப் பாருங்கள். உண்மையான சோதனை இதுதான். இதில் தேறாத மேட் வேண்டாம்.

3. பிரேக்கையும் கிளட்ச்சையும் அதேபோல் முழுவதும் மிதித்துப் பாருங்கள். அடியில் எதுவும் தடுக்கக் கூடாது.

4. சீட்டை முன்னும் பின்னும் நகர்த்திவிட்டு, மேட் இழுபட்டதா என்று பாருங்கள்.

வாட்டர் வாஷ் செய்து வந்த வண்டியை இந்தச் சோதனை இல்லாமல் எடுக்காதீர்கள். மேட்டைக் கழுவி உள்ளே போடுபவர் கொக்கியில் மாட்டியிருப்பார் என்று நிச்சயமில்லை. டிரைவர் கால்பக்கம் தண்ணீர் பாட்டிலும் கழற்றிப்போட்ட செருப்பும் கிடக்கக் கூடாது. உருண்டு வந்து பிரேக்குக்கு அடியில் பாட்டில் மாட்டினால், அதுவும் மேட் செய்யும் வேலையைத்தான் செய்யும்.

பெடல் மாட்டிக்கொண்டால்?

குனிந்து மேட்டை இழுக்க முயலாதீர்கள். கண் சாலையிலேயே இருக்கட்டும். பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். விட்டு விட்டு மிதித்தால், பிரேக்குக்குத் துணையாக இருக்கும் வெற்றிட சக்தி குறைந்து பெடல் கல்லாகிவிடும். கிளட்ச்சை முழுவதும் மிதித்து கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வாருங்கள். எஞ்சின் பயங்கரமாக இரையும், இரையட்டும். சக்கரத்துக்கு இனி அந்த வேகம் போகாது. ஓரமாக நிறுத்திய பிறகு எஞ்சினை அணையுங்கள். ஓடும்போதே சாவியை முழுவதும் திருப்பி எடுத்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளலாம்.

பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் கம்ப்யூட்டர் உறைந்துபோனால் பவர் பட்டனை சில நொடிகள் அழுத்திப் பிடிக்கிறீர்கள் அல்லவா? ஓடும் வண்டியிலும் பல மாடல்களில் அப்படித்தான். 2009ல் விபத்துக்குள்ளான அந்தக் காரில் பட்டனை 3 நொடிகள் அழுத்திப் பிடித்தால்தான் எஞ்சின் அணையும். அது அவருடைய சொந்தக் கார் அல்ல என்பதை நினைத்துப் பாருங்கள். உங்கள் வண்டியில் எத்தனை நொடி என்று இன்றே கையேட்டில் பார்த்து, வண்டி ஓட்டும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

கம்ப்யூட்டர் எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும், நாம் கொடுக்கும் இன்புட்டைத்தான் நம்பும். அந்த இன்புட் நம் காலிலிருந்து மட்டும் போகும்படி பார்த்துக்கொள்வது நம் வேலை. இதழை மூடிவைத்துவிட்டு வண்டிக் கதவைத் திறந்து மேட்டை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கையோடு நகர்ந்து வந்தால், நாளை லோடு ஏற்றுவதற்கு முன் அதை மாட்டிவிடுங்கள்.